உப்பும் சர்க்கரையும்: ஒரு மருத்துவ ஆய்வு நடைமுறையான வரலாறு

மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு முடிவைக் காண்பது ஒரு கட்டம். அம்முடிவு மருத்துவமனை வார்டில் அன்றாட வழக்கமாவது மற்றொரு கட்டம். முதற் கட்டத்திற்கு விஞ்ஞானிகள் பொறுப்பு. இரண்டாவது கட்டம் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சுகாதாரப் பணியாளர் ஆகியோரைச் சார்ந்தது. இவ்விரு கட்டங்களுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவதுண்டு. அக்கால தாமதத்தின் விலை மனித உயிர்களாகும். வயிற்றுப்போக்கு நோய்களுக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

நோயும் பழைய சிகிச்சையும்

காலரா நோயாளி ஒரே நாளில் பல லிட்டர் நீரையும் உப்புகளையும் இழக்கிறார். மரணத்திற்குக் காரணம் இவ்விழப்பேயாகும். இழந்ததை ஈடு செய்தால் நோயாளி பிழைப்பார் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. எனினும் அதனைச் செய்ய நரம்பின் வழியே சலைன் ஏற்றுவதொன்றே நம்பத்தக்க முறையெனக் கருதப்பட்டது.

பொருளாதார நோக்கில் இம்முறையின் குறை தெளிவானது. கிருமி நீக்கிய திரவம், ஊசி, குழாய், பயிற்சி பெற்ற கை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கிடைத்தாக வேண்டும். கொள்ளைநோய் பரவும் காலத்தில் கிராமப்புற மருத்துவமனைகளில் இவை நான்குமே பற்றாக்குறையான வளங்கள். ஒன்று இல்லாவிடினும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும்.

ஆய்வின் படிகள்

1953ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, கடுமையல்லாத காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துக் கண்ட பயனை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஆனால் உட்கொண்ட நீருக்கும் வெளியேறிய நீருக்குமான அளவுக் கணக்கோ, ஒப்பீட்டுக் குழுவோ அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனவே மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே காலராக் கிருமியின் நச்சுப்பொருளைக் கண்டறிந்தார். குளுக்கோஸ் உடனிருக்கும்போது சிறுகுடல் சோடியத்தை உட்கிரகிக்கிறது என்ற கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். வெறும் உப்பு நீரினால் ஆகாதது, சர்க்கரை சேர்ந்த உப்பு நீரினால் ஏன் ஆகிறது என்பதற்கு இதுவே விடை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நடத்திய ஆய்வு, இக்கரைசலைக் குடிப்பதால் நரம்பு வழித் திரவத்தின் தேவை சுமார் 80 சதவிகிதம் குறைவதாகக் காட்டியது. கல்கத்தாவில் நடந்த ஆய்வுகளும் இதனை உறுதி செய்தன.

இவ்வகை ஆய்வுகளின் அடித்தளம் வார்டுப் பணியாளரின் கணக்கே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நடுவில் துளையிட்ட கட்டிலில் நோயாளி படுத்திருப்பார். கீழே அளவு குறியிட்ட வாளி இருக்கும். எத்தனை மில்லிலிட்டர் வெளியேறியது, எத்தனை உட்சென்றது என்பதை இரவும் பகலும் அளந்து எழுத வேண்டும். 1953இன் ஆய்வில் இல்லாததும் 1968இன் ஆய்வுக்கு வலுவளித்ததும் இத்தகைய கணக்கே.

பன்காவ்ன் அனுபவம்

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவிற்கு வந்தனர். முகாம்களில் காலரா பரவியது. எல்லையை அடுத்த பன்காவ்ன் மருத்துவமனைக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் கல்கத்தாவிலுள்ள ஓர் ஆய்வு மையத்திலிருந்து வந்தார். காலரா நோயாளிகளுக்கென இருந்த இரண்டு அறைகளில் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். நரம்பு வழித் திரவம் விரைவில் தீர்ந்து கொண்டிருந்தது; ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றவரும் சிலரே.

எனவே வாய்வழிக் கரைசலை எல்லா நோயாளிகளுக்கும் கொடுப்பதென முடிவாயிற்று. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அளவு. கல்கத்தாவில் ஆய்வு மையத்தின் நூலக அறையில் இவை நிறுக்கப்பட்டு, பாலிதீன் பைகளில் அடைக்கப்பட்டு, பையின் வாய் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டப்பட்டது. ஒரு லிட்டர் கரைசலுக்கான செலவு 11 பைசா. மருத்துவமனையில் குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசல் வைக்கப்பட்டது. நோயாளியின் உறவினர்கள் குவளையில் பிடித்து இடைவிடாது புகட்டினர். அதிர்ச்சி நிலையில் வந்தோருக்கு மட்டும் முதலில் நரம்பு வழியே திரவம் ஏற்றப்பட்டது.

சுமார் இரண்டு மாதங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். முன்னர் நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த மரண விகிதம் 3.6ஆகக் குறைந்தது. இவ்வனுபவம் 1973இல் கட்டுரையாக வெளிவந்தது.

ஊழியரின் ஐயப்பாடு

இம்மாறுதல் எதிர்ப்பின்றி நிகழவில்லை. நரம்பில் ஏற்றுவதே உண்மையான வைத்தியம் என்பது ஊழியர்களின் நம்பிக்கை. நோயாளிகளின் எண்ணமும் அதுவே. எனவே கரைசலுக்கு 'வாய்வழி சலைன்' என்றே பெயரிட்டு விளக்கம் கூறப்பட்டது. கண் குழிந்து கிடந்தவர் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவதைத் தாமே கண்ட பின்னரே ஊழியரின் ஐயம் அகன்றது.

அறிவியல் முடிவு, மலிவான மருந்து, உயர் அதிகாரியின் ஆணை ஆகிய மூன்றும் இருந்தாலும், மருந்தைக் கொடுப்பவர் அதனை நம்பினாலன்றி அது நோயாளியைச் சென்றடைவதில்லை.

நாடு தழுவிய முயற்சி

1978இல் உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 1985-86இல் வாய்வழி நீரேற்றச் சிகிச்சைக்கெனத் தேசியத் திட்டம் ஏற்பட்டது. கரைசலின் கலவையும் ஆய்வுகளால் திருந்தியது. உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்ட, லிட்டருக்கு 20.5 கிராம் கொண்ட பொட்டலத்தை 2002இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கரைசலுடன் 10 முதல் 14 நாள்கள் துத்தநாகம் கொடுக்க வேண்டுமென 2004இல் கூறப்பட்டது. புதுதில்லிக் குழந்தைகளிடையே நடந்து 1995இல் வெளியான ஆய்வு இப்பரிந்துரைக்கு ஆதாரமானவற்றுள் ஒன்று.

எஞ்சியுள்ள இடைவெளி

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பெற்றோர் 2015-16இல் 51 சதவிகிதம். 2019-21இல் 61 சதவிகிதம். முன்னேற்றம் மெய்யே. ஆயினும் பன்காவ்ன் அனுபவத்திற்கு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், பத்துக் குழந்தைகளில் நால்வருக்கு அது கிட்டவில்லை.

காரணம் யாது? கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களில் 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் செய்வோரிடையே நடந்து, 2024இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதனை ஆராய்ந்தது. கரைசலை எழுதிக் கொடுக்காமைக்கு இருப்புப் பற்றாக்குறை 6 சதவிகிதமும், பிற மருந்துகளின் விற்பனை ஆதாயம் 5 சதவிகிதமும் மட்டுமே காரணமாயின. நோயாளிகள் இதனை விரும்பமாட்டார்கள் என்ற மருத்துவரின் எண்ணம் 42 சதவிகிதத்திற்குக் காரணமாயிற்று. நோயாளியாக அனுப்பப்பட்டவர் கரைசலில் விருப்பம் காட்டியபோது, அது எழுதிக் கொடுக்கப்படுவது 27 சதவிகிதப் புள்ளிகள் உயர்ந்தது. 1971இல் பன்காவ்னில் கண்ட அதே தடை வேறு வடிவில் இன்றும் நிலவுகிறது எனலாம்.

படிப்பினைகள்

இவ்வரலாற்றினின்று நிர்வாகிகள் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, ஆய்வு நடக்கும் மருத்துவமனையில் அளந்து எழுதும் பணி உபரி வேலையாகக் கருதப்படலாகாது. அதற்குரிய ஊழியரும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, புதிய சிகிச்சையைச் சுற்றறிக்கை மூலம் அறிவிப்பதோடு நில்லாமல், ஊழியர்கள் அதன் பயனை நேரிற் காணும் வகையில் பயிற்சியளிக்க வேண்டும். மூன்றாவது, பொட்டலங்களின் இருப்பைக் கணக்கிடும் கண்காணிப்பு முறை, அவை உண்மையில் எழுதிக் கொடுக்கப்படுகின்றனவா என்பதையும் கணக்கிட வேண்டும். தாய்மார்களே கரைசலைக் கேட்டுப் பெறுமாறு செய்வதும் இதன் பகுதியாகும்.

11 பைசாவுக்குத் தயாரான பொருள் உயிர் காக்குமென 1971இலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு தாயும், அவ்வாய்வின் பணி இன்னும் முடிவுறவில்லை என்பதற்குச் சான்றாவார்.