பெயர் தெரியாத செடி

மழை பெய்கிறது. மண் நனைகிறது. பத்து நாளில் விளை முழுவதும் பச்சையாகிறது. நாம் நட்டது மரச்சீனியும் வாழையும். ஆனால் அவை மட்டுமா முளைத்திருக்கின்றன? நாம் நடாத செடிகள் எத்தனையோ தலை நீட்டுகின்றன.

இவை எங்கிருந்து வந்தன?

எருக்கு விதையில் பஞ்சு இருக்கும். அது காற்றில் பறந்து வரும். கம்யூனிஸ்ட் பச்சை என்று நாம் சொல்லும் செடியின் விதையும் அப்படித்தான். மணத்தக்காளிப் பழத்தைப் பறவைகள் தின்னும். எச்சத்தோடு விதை விழும். நாயுருவி விதை நம் வேட்டியிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். சில விதைகள் சாணத்தோடு வரும். சில விதைகள் மண்ணுக்குள்ளேயே காத்துக் கிடக்கும். மழை பட்டதும் முளைக்கும்.

இவற்றைக் களை என்று வெட்டி எறிகிறோம். அல்லது யாரோ சொன்னார்கள் என்று பறித்து மருந்தாகத் தின்கிறோம். இரண்டும் சரியல்ல. வெட்டும் முன் பார்க்க வேண்டும். தின்னும் முன் நன்றாகப் பார்க்க வேண்டும்.

பெயர் மட்டும் போதுமா?

பனச்சமூடு எல்லை ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மனிதருக்கு எல்லை உண்டு. செடிக்கு எல்லை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே செடிதான் முளைக்கிறது. ஆனால் தமிழில் ஒரு பெயர், மலையாளத்தில் வேறு பெயர்.

தொட்டாற்சிணுங்கி – தொட்டாவாடி
கரிசலாங்கண்ணி – கையோன்னி
முடக்கத்தான் – உழிஞ்ஞ
மூக்கிரட்டை – தழுதாம
நாயுருவி – கடலாடி

ஒரே செடிக்கு இரண்டு பெயர் இருக்கும். சில சமயம் இரண்டு செடிக்கு ஒரே பெயரும் இருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பக் கூடாது. அடையாளத்தைப் பார்க்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

1. இலை: ஒன்றுக்கு ஒன்று எதிராக இருக்கிறதா? மாறி மாறி இருக்கிறதா? நுனி எப்படி இருக்கிறது?
2. தண்டு: என்ன நிறம்? முள் உண்டா? ஒடித்தால் பால் வருகிறதா?
3. பூ: என்ன நிறம்? எத்தனை இதழ்?
4. காய், விதை: எந்த இடத்தில் காய்க்கிறது? விதை எப்படி இருக்கிறது?
5. மூடு: வேரா, கிழங்கா?

முடக்கத்தானைப் பாருங்கள். அதன் காய் காற்று அடைத்த சிறு பை போல இருக்கும். முற்றிய காயை உடைத்தால் கருப்பு விதை இருக்கும். அந்த விதையில் வெற்றிலை வடிவத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். இதைப் பார்த்தவர்கள் பிறகு முடக்கத்தானை மறக்க மாட்டார்கள்.

கீழாநெல்லி எது?

மஞ்சள் காமாலை என்றதும் நாம் கீழாநெல்லியைத் தேடுகிறோம். அதன் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. சிறு கிளைகளின் கீழே சின்னஞ்சிறு காய்கள் வரிசையாக இருக்கும். அவை நெல்லிக்காய் வடிவில் இருக்கும். இலைகள் புளிய இலை போல இரண்டு வரிசையாக இருக்கும். ஒடித்தால் பால் வராது.

இதைப் போலவே இன்னொரு செடி உண்டு. அதன் தண்டு சிவந்திருக்கும். காய்க்குக் காம்பு இருக்காது. காயைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். கீழாநெல்லிக் காய்க்குச் சிறு காம்பு உண்டு. காய் வழவழப்பாக இருக்கும். பக்கத்திலேயே அம்மான் பச்சரிசியும் முளைத்திருக்கும். அதை ஒடித்தால் பால் வரும். மூன்றும் வேறு வேறு செடிகள்.

ஒன்றை மறக்க வேண்டாம். காமாலை பல காரணங்களால் வரும். சில வகைக் காமாலை உயிரைப் பறிக்கும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் பச்சிலையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

அழகான ஆபத்து

வேலியில் ஒரு கொடி ஏறுகிறது. பூ முதலில் மஞ்சளாக இருக்கும். பிறகு சிவப்பாகும். இதழ்கள் தீக்கொழுந்து போல மேலே வளைந்து நிற்கும். இதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. மலையாளத்தில் மேந்தோன்னி என்பார்கள். இதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள்.

செடி முழுவதும் நஞ்சு. கிழங்கில் நஞ்சு அதிகம். சீனிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்றவர்கள் உண்டு. இலங்கையிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அவித்தாலும் நஞ்சு போகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இலையின் நுனியைப் பாருங்கள். நுனி நூல் போல நீண்டு சுருண்டிருக்கும். அந்தச் சுருளால் வேலியைப் பிடித்துக்கொண்டு கொடி ஏறும். சீனிக்கிழங்கின் இலை நுனி சுருளாது.

ஆனால் வெயில் காலத்தில் கொடி காய்ந்துவிடும். இலை இருக்காது. பூ இருக்காது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். அடையாளம் போய்விட்டது, நஞ்சு போகவில்லை. ஆகவே நாம் நடாத கிழங்கு மண்வெட்டியில் அகப்பட்டால் சமைக்கக் கூடாது.

யாராவது தின்றுவிட்டால் என்ன செய்வது? உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மிச்சமிருக்கும் கிழங்கையோ இலையையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்துகொள்ள அது டாக்டருக்கு உதவும்.

பிடுங்க வேண்டிய செடி

பார்த்தீனியம் நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955ஆம் ஆண்டு புனேயில் இது பரவி இருப்பதைக் கண்டார்கள். பிறகு நாடு முழுவதும் பரவியது. இலை கேரட் இலை போலக் கீறிக் கீறி இருக்கும். பூ சிறிதாக வெள்ளையாக இருக்கும். இது பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். சிலருக்கு மூச்சு முட்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே பூக்கும் முன்பே மூட்டோடு பிடுங்க வேண்டும். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்தால் நிலைக்கும்

சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் இருந்தார். அவருக்குப் பச்சிலைகள் நன்றாகத் தெரியும். கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீடு அவரிடமும் மற்ற வைத்தியர்களிடமும் கேட்டு ஒரு பெரிய நூல் உருவாக்கினார். அதன் பெயர் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். மலபாரின் தோட்டம் என்று பொருள். அதில் 12 பாகங்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இலை, பூ, காய் எல்லாம் படமாக இருக்கின்றன. செடிகளின் மலையாளப் பெயர்களும் இருக்கின்றன. தாம் சொன்ன செய்திகளைப் பற்றி 1675இல் இட்டி அச்சுதன் எழுதிக் கொடுத்த சான்று முதல் பாகத்தில் உள்ளது.

அவருக்குத் தெரிந்தவை 300 ஆண்டுகள் கழித்தும் நமக்குக் கிடைக்கின்றன. காரணம், அவை எழுதப்பட்டன. நம் ஊர்ப் பாட்டிமாருக்கும் எத்தனையோ செடிகள் தெரியும். அவர்கள் சொல்வதை யார் எழுதுவது? நாம்தான் எழுத வேண்டும். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!

செய்து பாருங்கள்

பழைய செய்தித்தாளின் நடுவே செடியைப் பூவோடும் காயோடும் விரித்து வையுங்கள். மேலே கனமான பலகையை வையுங்கள். தினமும் தாளை மாற்றுங்கள். காய்ந்ததும் ஒரு நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் எழுதுங்கள்: தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், கிடைத்த இடம், நாள், சொன்னவர் பெயர். பெயர் தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். கேரளப் பக்கம் கிருஷி பவனிலும், தமிழ்நாட்டுப் பக்கம் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் காட்டிக் கேளுங்கள். பெயர் தெரியும் வரை அந்தச் செடியை வாயில் வைக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. கீழாநெல்லிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?
2. செங்காந்தள் இலையின் நுனி எப்படி இருக்கும்?
3. வெயில் காலத்தில் செங்காந்தளால் ஆபத்து ஏன் அதிகம்?
4. பார்த்தீனியத்தை எப்போது பிடுங்க வேண்டும்?
5. உங்கள் விளையில் தானாக முளைத்த ஐந்து செடிகளின் பெயர்களை எழுதுங்கள்.