குஞ்சு வந்தாயிற்று, கூடு எங்கே?

"குஞ்சு சின்னதுதானே, இப்போதைக்கு அட்டைப்பெட்டி போதும். கூட்டை மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம்." பெங்களூரில் வீட்டுப் பின்புறம் பத்துக்குப் பத்து மண்தரை மிச்சம் வைத்திருப்பவர்கள் கோழி வளர்க்க இறங்கும்போது பெரும்பாலும் இந்த நம்பிக்கையோடுதான் இறங்குகிறார்கள். பொரித்த அன்று ஒரு குஞ்சின் எடை 35, 40 கிராம்தான். ஆனால் இரண்டாம் வாரத்தில் சிறகில் இறகு நீளும், மூன்றாம் வாரத்தில் பெட்டியின் விளிம்பில் ஏறி நிற்கும், ஐந்தாறு வாரத்தில் உடல் முழுக்க இறகு மூடிவிடும். அதற்குமேல் பெட்டியில் வைத்தால் இடம் போதாமல் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். வேலைக்குப் போகிறவருக்குக் கூடு கட்டக் கிடைப்பது ஐந்து வார இறுதிகள். அதில் ஒன்று மழையில் போகும், ஒன்று ஊர்ப் பயணத்தில் போகும். கூட்டின் சட்டமும் கூரையுமாவது குஞ்சு வீட்டுக்கு வருமுன் நின்றிருக்க வேண்டும்.

குஞ்சுகள் காலடியில் ஓடும்போதே கூடு கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்ணில் மின்னுகிற எதையும் கோழி கொத்திப் பார்க்கும். வெட்டிப்போட்ட வலைக்கம்பித் துண்டு, சிறு ஆணி, திருகாணி எல்லாம் தீனியோடு உள்ளே போய் அரைவைப் பையைக் குத்தும். கம்பியின் துத்தநாகப் பூச்சு கரைந்து உடலில் நஞ்சாகவும் ஏறும். தெர்மோகோல் என்றால் கோழிக்குக் கொள்ளை ஆசை. கம்பி வெட்டிய இடத்தில் அன்று மாலையே ஒரு காந்தத்தை இழுத்துவிடுவது நல்ல பழக்கம்.

பல்பு விஷயத்துக்கு வருவோம். "ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும்" என்பது பாதிதான் உண்மை. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே போகலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரின் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். தாய்க்கோழியின் இறகுக்கடியில் படுக்கும் குஞ்சுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடையில் வாங்கிவந்த தாயில்லாக் குஞ்சுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2015இல் எல்இடி விளக்கு வழங்கும் உஜாலா திட்டம் வந்தபிறகு பெரும்பாலான வீடுகளில் அவையே இருக்கின்றன. எல்இடி விளக்கு வெளிச்சம் தரும். குஞ்சைக் காப்பாற்றும் அளவுக்குச் சூடு தராது. இதற்குப் பழைய குண்டு பல்புதான் வேண்டும், அல்லது குஞ்சு வளர்ப்புக்கென்றே விற்கும் சூடு தரும் விளக்கு வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது நம் கால்நடைத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

வாட் கணக்கைவிட நம்பகமானது குஞ்சுகளின் நடத்தை. விளக்கடியில் ஒட்டிக் குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது. விளக்கைவிட்டு ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, இடையிடையே எழுந்து தின்றால் எல்லாம் சரி. பெட்டிக்கு மூலைகள் இருக்கக் கூடாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். அட்டையை வளைத்து வட்டமாகத் தடுப்பு வைப்பது அதனால்தான். விளக்கை மின்கம்பியிலேயே தொங்கவிடாமல் தனிச் சங்கிலியில் கட்ட வேண்டும். உமியில் விழுந்த சூடான பல்பு வீட்டையே எரித்துவிடும்.

தரையில் செய்தித்தாள் விரிப்பதும் தவறான ஒரு வழக்கம். வழுக்கும் தாளில் நிற்க முயலும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்துபோய், நடக்கவே முடியாமல் ஆகிவிடும். இரண்டு அங்குலம் நெல் உமியோ மரச்சீவலோ போட்டால் போதும், அது காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி எறிவது மருந்தைவிட மலிவு. கிண்ணத்தில் நாலு கூழாங்கல் போட்டுவைத்தால் குஞ்சு மூழ்கிச் சாகாது.

இனிக் கூடு. பெங்களூர்க்காரர்களைத் தவறான பக்கம் இழுப்பவை குளிர்நாட்டு வீடியோக்கள். பனி விழும் ஊர்களில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "குளிர் புகாமல் நாலு பக்கமும் அடைக்க வேண்டும்" என்று பலகையாலும் தகரத்தாலும் பெட்டிபோல மூடிவிடுகிறார்கள். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. அதற்கு இறகுப் போர்வையும் உண்டு. பெங்களூரின் மார்கழி அதை ஒன்றும் செய்யாது. அடைத்த கூட்டில் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் மூச்சில் வரும் ஈரமும் தேங்குவதுதான் அதன் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால் ஏப்ரல் மாதத்து 34 டிகிரி வெயில்தான் அதை அதிகம் வாட்டும். குந்தியிருக்கும் கோழியின் தலைக்கு மேலே இரு பக்கமும் வலை மட்டும் அடித்துக் காற்றோட்டம் விட வேண்டும், தலைக்குக் கீழே அடைத்துவிடலாம். காலையில் கூரையின் உட்புறத்தில் நீர் முத்து கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். மனிதர் நின்றபடி மோப்பம் பிடித்துப் பயனில்லை. கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.

மழை வேறு கதை. பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் பெருமழை மாதங்கள். கூரை முன்னும் பின்னும் ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும். கூட்டின் தரை மண்ணிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்ந்திருந்தால் வெள்ளமும் வராது, எலியும் அடியில் குடியேறாது.

எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைக் காவு வாங்குவது, "கோழி வலை அடித்துவிட்டோம், இனிக் கவலையில்லை" என்ற நம்பிக்கை. அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும், எதிரி உள்ளே வராமல் இருக்க உதவாது. 2023இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பின்படி பெங்களூரில் இருந்த தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 லட்சம். இரண்டு நாய்கள் சேர்ந்தால் அந்த வலையைப் பல்லாலேயே கிழித்துவிடும். கீரியும் மரநாயும் இந்த நகரத்தில் இன்றும் உண்டு. பெருச்சாளி மண்ணைத் தோண்டிக்கொண்டு அடியில் வரும். சிறிய எலிக்கு வலைக்கண்ணே வாசல். வானத்தில் எப்போதும் வட்டமிடும் பருந்துகளுக்கும் மதில்மேல் காத்திருக்கும் காக்கைகளுக்கும் திறந்தவெளியில் மேயும் குஞ்சு எளிதான இரை.

அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்க வேண்டும். விலை கூடத்தான் செய்யும், ஆனால் சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. மரத்தை வேண்டுமானால் பழையதாகவோ மூங்கிலாகவோ வாங்கிக்கொள்ளலாம். மெஷ்ஷைச் சட்டத்தின் மேல் வைத்து, அதன்மீது ரீப்பர் பட்டை அடித்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். வெறும் ஸ்டேப்பிள் பின்னை நாய் பிடுங்கிவிடும். கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் படரவிட்டு மேலே கல் அடுக்கினால், தோண்டிவரும் பிராணி வலையில் முட்டித் திரும்பும். கதவுக்குச் சும்மா கொக்கி போதாது. தூக்கித் திருப்பினால் மட்டும் திறக்கும் தாழ் வேண்டும்.

"கோழி இருந்தால் பாம்பு வராது" என்பதும், "கோழி இருந்தால் பாம்பு வரும்" என்பதும் ஒரே தெருவில் கேட்கும் பேச்சுகள். பெரிய கோழி சிறு பாம்பைக் கொத்தும் என்பது உண்மை. நாகமும் சாரையும் முட்டையையும் குஞ்சையும் விழுங்கும் என்பதும் உண்மை. பாம்பைக் கூட்டுக்கு அழைத்துவருவது பெரும்பாலும் சிந்திய தீனியைத் தேடிவரும் எலிதான். தீனியை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, இரவில் தட்டை எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே பாதி தீர்ந்துவிடும்.

எந்தக் குஞ்சை வாங்குவது என்பதிலும் குழப்பம் நிறைய. பள்ளி வாசலிலும் திருவிழாக் கடையிலும் பச்சை, ரோஸ் வண்ணம் பூசி விற்கும் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் என்று குழந்தைகள் நம்புகிறார்கள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பெட்டையைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் இப்படி வண்ணத்தில் முக்கப்படுகின்றன. நனைந்து, குளிர்ந்து, தடுப்பூசி இல்லாமல் வரும் அவை சில நாளிலேயே செத்துப்போவது குழந்தைகள் மேலும் குஞ்சுகள் மேலும் ஒருசேர இழைக்கும் கொடுமை. அவற்றை வாங்காமல் இருப்பதுதான் அந்த வியாபாரத்தை நிறுத்த ஒரே வழி.

பல வண்ண இறகோடு பெங்களூர்ச் சந்தைகளில் "நாட்டுக்கோழி" என்று விற்கும் கிரிராஜா உண்மையில் இந்த ஊரிலேயே உருவான கலப்பினம். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் கோழியியல் துறை உருவாக்கியது அது. அதன் தொடர்ச்சியாக 2005இல் சுவர்ணதாரா வந்தது. கிரிராஜா ஆண்டுக்கு 130 முதல் 150 முட்டை இடும், சுவர்ணதாரா அதைவிடச் சற்று அதிகம். புழக்கடை வளர்ப்புக்கு இவை அருமையான பறவைகள் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் பஞ்சாரத்தில் அடைந்து, அடைகாத்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும் ஊர்க் கோழியின் குணத்தை இவற்றிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஹெசரகட்டாவிலுள்ள மத்திய கோழி வளர்ச்சி நிறுவனமும் குஞ்சு தருவதோடு பயிற்சியும் நடத்துகிறது. தெருவில் வாங்குவதைவிட அங்கே விசாரிப்பது எத்தனையோ மேல்.

"நாட்டுக்கோழிக்கு நோயே வராது" என்பதை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல் ஊர்க் கோழி, சீமைக் கோழி என்று பார்ப்பதில்லை; ஒரே வாரத்தில் கூட்டையே காலிசெய்யும். இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது பரவலான அட்டவணை. நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு: ஒரு குப்பியில் நூறு கோழிக்குமேல் போடும் மருந்து இருக்கும், கலக்கிய சில மணி நேரத்தில் தீர்த்துவிடவும் வேண்டும். ஒரே பகுதியில் கோழி வளர்க்கும் நாலைந்து குடும்பங்கள் ஒரே நாளில் கூடிப் போட்டுக்கொண்டால் வீண்செலவு இல்லை.

பறவைக் காய்ச்சல் பெரிய பண்ணைகளின் தலைவலி என்று ஒதுங்கிவிடவும் முடியாது. 2012 அக்டோபரில் ஹெசரகட்டா மத்திய நிறுவனத்திலேயே வான்கோழிகள் செத்துவிழ, எச்5என்1 கிருமி உறுதியாகி அங்கிருந்த பறவைகள் அழிக்கப்பட்டன. 2018 ஜனவரியில் பெங்களூரின் தாசரஹள்ளிப் பகுதியிலும் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால் அவற்றைக் குப்பையில் வீசாமல், அறுக்காமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்வதுதான் அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் நன்மை.

வீட்டு முட்டை என்றாலே கலப்படமற்றது என்ற நம்பிக்கை இதமானது, ஆனால் மண்ணைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், வீட்டுக் கோழிகளின் முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. பழைய பெயின்ட்டும் வாகனப் புகையும் படிந்த மண்ணைக் கோழி கிளறித் தின்றதன் விளைவு அது. இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இடித்த வீட்டின் பழைய கதவு, ஜன்னலைக் கொண்டு கூடு கட்டுவோர் அதன் உரியும் பெயின்ட்டைக் கோழி கொத்தும் இடத்தில் விடக் கூடாது. மெக்கானிக் கடை இருந்த இடமென்றால் மேல்மண்ணை மாற்றியே ஆக வேண்டும். குஞ்சுகளை முத்தமிடும் குழந்தைகள் விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். அமெரிக்காவில் 2020இல் மட்டும் வீட்டுக் கோழிகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று 1,722 பேரிடம் பதிவானது. கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசியாக, "சேவல் இல்லாவிட்டால் முட்டை வராது." வரும். இருபது, இருபத்திரண்டு வாரத்தில் பெட்டை தானாகவே முட்டையிடத் தொடங்கும். சேவல் வேண்டியது குஞ்சு பொரிக்க மட்டுமே. பால் பிரிக்காமல் ஆறு குஞ்சு வாங்கினால் மூன்று சேவலாக இருக்க வாய்ப்புண்டு, அவை விடியுமுன் ஒட்டியிருக்கும் அண்டை வீடுகளை எழுப்பும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நாலைந்து பெட்டைக்கு ஒன்று என்று ஓரடி நீள, அகல, உயரத்தில் முட்டைப் பெட்டி போதும். அதைப் பதினெட்டாம் வாரம்வரை மூடியே வைப்பது நல்லது. முன்னதாகத் திறந்துவிட்டால் இளம் கோழிகள் உள்ளே படுத்துத் தூங்கி, எச்சமிட்டு, முட்டையிடும் இடத்தைப் பாழாக்கிவிடும்.