நினைத்தால் நடக்குமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் ரோபோச் சட்டகத்தைப் பற்றிய செய்தி எப்போது பத்திரிகையில் வந்தாலும், 'நினைத்தால் போதும், கால் நடக்கும்' என்ற பொருள்படும் ஒரு வாசகம் எப்படியோ அதன் தலைப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸோஸ்கெலிட்டன் என்று வழங்கும் இந்தப் புறச்சட்டகத்தில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நேராக மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலவகைகளில், தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டிய எலெக்ட்ரோடுகள் தசைகளின் மின்சாரத்தை எடுத்துக் கொடுக்க, ஒரு சிறு கம்ப்யூட்டர் அதைக்கொண்டு அணிந்தவர் சமதரையில் நடக்கிறாரா, படியேறுகிறாரா, உட்காரப் போகிறாரா என்று நிர்ணயித்து மோட்டார்களை இயக்குகிறது. இவ்வளவும் மெய்யே. ஆனால் இதிலிருந்து, யந்திரம் மனிதனுடைய மனத்தைப் படித்துவிடுகிறது என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள், நடுவில் இருக்கும் தோல், கொழுப்பு, வியர்வை என்ற மூன்றையும் கவனியாமலே தாண்டிவிடுகிறார்கள்.

மூளையின் ஆக்ஞை முதுகுத்தண்டின் வழியாக இறங்கி, நரம்புகளின் மூலம் தசையை அடைந்ததும், தசை சுருங்குவதற்குச் சற்று முன்னதாக அதன் நார்களின்மேல் ஒரு மின் அலை பரவுகிறது. தசைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தம், இத்தாலியின் போலோன்யா நகரத்துக் கால்வானி தவளைக் கால்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளை 1791-ல் வெளியிட்ட காலந்தொட்டு அறிஞர்கள் அறிந்த விஷயம். மனிதன் தானாகக் கையை இறுக்கும்போது எழும் மின்சாரத்தை ஜெர்மானியரான டு புவா-ரேமோன் 1849-ல் அளந்தே காட்டிவிட்டார். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எப்படியோ அப்படியே மற்றத் தசைகளுக்கு ஈ.எம்.ஜி. என்று இன்று ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். தோலின் மேலிருந்து எடுக்கும்போது இந்த மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் முதல் சில மில்லிவோல்ட் வரையில்தான் இருக்கும். அதாவது டார்ச் விளக்கில் போடும் ஒற்றை செல்லின் மின்னழுத்தத்தில் ஆயிரத்தில் சில பங்குகூடத் தேறினால் பெரிது. அதன் அதிர்வெண் ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரந்திருப்பதால், வினாடிக்கு ஆயிரம் தடவையாவது அதை அளந்தாக வேண்டும். நம் வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோ நேரே அந்த எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. போதாததற்கு, ஓர் எலெக்ட்ரோடு கேட்பது ஒரு தசையின் குரலையன்று. கல்யாண மண்டபத்தின் சுவருக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கிறவனைப் போல, பக்கத்துத் தசைகளின் சலசலப்பையும் சேர்த்துத்தான் அது கேட்கிறது. தர்க்க சாஸ்திரக்காரர்களின் பாஷையில் சொன்னால், யந்திரத்துக்கு மனிதனுடைய நோக்கம் பிரத்தியட்சமன்று, வெறும் அனுமானம்.

அனுமானம் என்று ஒப்புக்கொண்டவர்களிடத்திலும் இரண்டாவது நம்பிக்கை ஒன்று உண்டு. தசையின் மின்சாரம் கூடினால் மோட்டாரின் விசையைக் கூட்டவேண்டியது, குறைந்தால் குறைக்கவேண்டியது, இதற்கு என்ன பெரிய கணக்கு என்று அவர்கள் நினைக்கிறார்கள். இப்படியே நேர்விகிதத்தில் இயக்கும் முறையும் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் நடை என்பது ஒரு தசையின் காரியமன்று. ஓர் அடிச் சுழற்சியில் சுமார் 60 சதவீத நேரம் பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது. மிச்சம் 40 சதவீதம் காற்றில் வீசி வருகிறது. முழங்காலுக்குக் கீழே முன்புறமாக ஓடும் தசை, கால் காற்றில் இருக்கும்போது விரல்கள் தரையில் இடறாதபடி பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது; அடுத்த கணமே, குதிகால் ஊன்றிய பிறகு பாதம் பொத்தென்று விழாதபடி மெல்ல இறக்கிவிடுவதும் அதே தசைதான். மின்சாரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, வேலை நேர்மாறாகிவிடுகிறது! ஆகையால் எந்தத் தசை, எந்த வரிசையில், அடிச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் விழித்தெழுகிறது என்ற முழுக்கோலத்தையும் பார்த்தால்தான் நடையின் வகை புலப்படும். இதற்கான கணக்கு முறைகள் பெரும்பாலும் செயற்கைக் கைகளுக்காக ஏற்பட்டவை; கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் ஹட்ஜின்ஸ் முதலானோர் 1993-ல் வகுத்துக்கொடுத்த அளவுகள், அதாவது அலையின் சராசரி உயரம், அது பூஜ்யத்தைக் கடக்கும் தடவைகள், ஏற்றம் இறக்கமாகத் திரும்பும் தடவைகள், அலைக்கோட்டின் மொத்த நீளம் முதலியவை, இன்றைக்கும் பெருவழக்கில் இருக்கின்றன. பின்னர் 2009-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், குதிகால் படுவதற்கு முன்னும் பின்னும், நுனிக்கால் தரையை விடுவதற்கு முன்னும் பின்னும் என்று நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்ததும்தான் கால்களின் விஷயம் ஒரு வழிக்கு வந்தது.

எல்லாவற்றிலும் மனத்தைத் தொடுவது மூன்றாவது நம்பிக்கை. முதுகுத்தண்டு அறுபட்டுக் கால்கள் முற்றிலும் செயலற்றவரை இந்தத் தசை மின்சாரம் நடக்கவைத்துவிடும் என்று அவருடைய குடும்பத்தார் நம்புகிறார்கள். நம்பாமல் இருக்கவும் அவர்களால் முடியாது. ஆனால் ஆக்ஞை இறங்கும் பாதை முழுதும் துண்டிக்கப்பட்டுவிட்டால், நடக்கவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் அதன் சுவடு தொடைத் தசையில் கிடைக்காது. இல்லாத சமிக்ஞையை எந்த அல்காரிதமும் படிக்கமாட்டாது. அத்தகையவர்களுக்காக ஏற்பட்ட சட்டகங்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன. இஸ்ரேலில் அமித் கோஃபர் உருவாக்கி, 2014-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற ரீவாக், உடம்பை முன்பக்கம் சாய்க்கும்போது அந்தச் சாய்வைச் சென்சார் கண்டு அடி எடுத்துவைக்கிறது, ஈ.எம்.ஜி.க்கு அங்கே வேலையே இல்லை. 1997-ல் நேர்ந்த விபத்தினால் கை கால் இரண்டும் பாதிக்கப்பட்டவரான கோஃபர், ஊன்றுகோல் பிடிக்கக் கையில் வலு வேண்டியிருந்தமையால், தாம் படைத்த அந்தச் சாதனத்தைத் தாமே உபயோகிக்க முடியாமல் போனார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். தசை மின்சாரத்தைப் படிப்பதில் பேர்பெற்ற ஜப்பானிய ஹால் என்னும் சட்டகத்திலேயே, ட்சுகுபா பல்கலைக்கழகத்து யோஷியுகி சங்காய் இரண்டு முறைகளை வைத்திருக்கிறார்: சமிக்ஞை கிடைத்தால் அதைப் பின்பற்றும் முறை ஒன்று, கிடைக்காதபோது, முன்பே பதிந்துவைத்த நடையை உடல் எடை மாறுவதைப் பார்த்து ஓட்டும் முறை மற்றொன்று. ஆக, வலு குன்றியும் நரம்பின் தொடர்பு சிறிதாவது மிஞ்சியும் இருக்கிற கால்களே தசைச் சமிக்ஞைக்கு உரிய இடம்.

இனி ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்களிடையே பரவியிருக்கும் நம்பிக்கைக்கு வருவோம்: துல்லியம் 98, 99 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் பயிலத்தக்க கால் தசைத் தரவு ஒன்று இருக்கிறது. 22 ஆண்கள்; அவர்களில் 11 பேருக்கு முழங்காலில் கோளாறு; நடப்பது, நின்றபடி காலை மடக்குவது, உட்கார்ந்தபடி நீட்டுவது என்று மூன்றே காரியங்கள். பயில்வதற்கு நல்ல தரவுதான். ஆனால் ஒரே மனிதனுடைய பதிவைத் துண்டு துண்டாக நறுக்கி, சில துண்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்து, எஞ்சிய துண்டுகளைக் கொண்டு பரீட்சை வைத்தால், வினாத்தாளை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை மெச்சுவதாகத்தான் முடியும். முன்பின் கண்டிராத ஒருவரை நிறுத்திச் சோதித்தால் அந்த எண் இறங்கிவிடுகிறது. அதே மனிதரே மறுநாள் வந்தாலும், எலெக்ட்ரோடு ஒரு விரற்கடை நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம், தோல் வியர்த்திருக்கலாம், தசை களைத்திருக்கலாம். களைப்பினால் அலையின் அதிர்வெண் தாழ்ந்துவிடுகிறது.

தவறின் சதவீதம் சிறியதானாலும் அதை அடிகளால் பெருக்கிப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு 4,000 அடி நடப்பவருக்கு நூற்றுக்கு இரண்டு தவறு என்பது 80 தவறான அடிகள். அவற்றில் 79 அடிகள் தடுமாற்றத்தோடு தீர்ந்துபோகலாம். மாடிப்படியின் உச்சியில் நேரும் ஒன்று தீராது. தவறைக் குறைப்பதில் உண்மையாக எவ்வளவு சாதித்திருக்கிறார்கள் என்பதற்கு, புறச்சட்டகத்துக்கு உடன்பிறப்பான செயற்கைக் காலைப்பற்றிச் சிகாகோ மறுவாழ்வு நிலையத்தார் வெளியிட்ட கணக்கே தக்க சான்று. முழங்காலோடு காலை இழந்து, அறுந்த நரம்புகளைத் தொடைத் தசைகளில் திருப்பி இணைக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்ட ஒருவரிடத்தில், யந்திரச் சென்சார்களை மட்டும் நம்பியபோது 12.9 சதவீதமாக இருந்த தவறு, தசைச் சமிக்ஞையைச் சேர்த்ததும் 2.2 சதவீதமாயிற்று என்று 2013-ல் எழுதினார்கள். அந்தச் சிகிச்சை செய்துகொள்ளாத ஏழு பேரை வைத்துச் சோதித்து 2015-ல் வெளியிட்ட கணக்கிலோ, 14.1 சதவீதம் 7.9 ஆகத்தான் குறைந்தது. ஊக்கமளிக்கும் முன்னேற்றமே, எனினும் 2.2-ஐ மட்டும் எடுத்தோதி 7.9-ஐ விட்டுவிடுவது நேர்மையான பிரசாரமாகாது. தசைச் சமிக்ஞை இங்கே தனித்து நிற்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது: மூட்டுக் கோணத்தையும் பாத அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்களோடு கூட்டுச் சேர்ந்தே அது பயன்படுகிறது.

அசைவுக்கு முன்பே மின்சாரம் எழுவதால் யந்திரம் மனிதனை முந்திக்கொள்ளும் என்பது பாதி உண்மை. விசை பிறப்பதற்குச் சுமார் 30 முதல் 100 மில்லிவினாடிக்கு முன் சமிக்ஞை கிடைக்கிறது. ஆனால் கோலத்தை அடையாளம் காண 150 முதல் 250 மில்லிவினாடி அளவு பதிவு தேவைப்படுகிறபடியால், சம்பாதித்த அவகாசம் அங்கேயே செலவாகிவிடுகிறது.

அசுர பலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1960-களில் ஹார்டிமான் என்ற பூதாகாரமான சட்டகத்தைச் செய்யத் தொடங்கிற்று. அதன் சொந்த எடையே ஏறக்குறைய 680 கிலோ. முழு யந்திரத்தையும் இயக்கினால் கட்டுக்கடங்காமல் உதறிற்றென்று, கடைசியில் ஒரு கையை மட்டும் வேலை செய்யவைத்து நிறுத்திவிட்டார்கள். இக்காலத்தில் பெருமையாகப் பேசப்படுவது 2015-ல் அமெரிக்காவில் செய்த கணுக்கால் சாதனம்: மோட்டாரும் பாட்டரியும் இன்றி, ஒரு ஸ்பிரிங்கையும் பற்றுச் சக்கரத்தையும் கொண்டு நடையின் சக்திச் செலவை 7 சதவீத அளவு குறைத்தது.

நேர்விகித முறைக்குப் பின்னால் வருவதாகச் சொன்னேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபெரிஸ் என்பவரின் குழுவினர், கெண்டைக்காலின் உட்தசை எழுப்பும் மின்சாரத்தின் அளவுக்குத் தக்கபடி காற்றழுத்தத்தால் கணுக்காலை உந்தும் சட்டகத்தை ஆரோக்கியமானவர்களுக்கு அணிவித்துப் பார்த்தார்கள். முதலில் உந்துதல் மிகையாகி அவர்கள் நுனிக்காலில் எம்பி எம்பி நடந்தார்கள். அரைமணி வீதம் இரண்டு அமர்வுகள் முடிவதற்குள் தங்கள் தசையின் உழைப்பைத் தாங்களே குறைத்துக்கொண்டு சீராக நடக்கத் தொடங்கினார்கள். யந்திரம் ஒரு தடவை மனிதனைக் கற்றுக்கொண்டுவிட்டால் போதும் என்கிற நம்பிக்கை இங்கே தகர்கிறது. யந்திரம் கற்ற கோலத்தை, அதை அணிந்த மனிதனே ஓரிரண்டு அமர்வுகளுக்குள் மாற்றிவிடுகிறான்.

இப்படி மாறும் தன்மையை வைத்தியத்துக்குத் திருப்பிவிட்டதில்தான் ஹால் சட்டகத்தின் சூட்சுமம் இருக்கிறது. வாழ்நாள் முழுதும் மாட்டிக்கொண்டு திரியவேண்டிய இரும்புக்கால் என்று அதைப்பற்றி நினைக்கிறவர்கள் பலர். ஜப்பானில் 2015-ல், தசைத் தேய்வு, தண்டுவடத் தசை நலிவு போன்ற, மெல்ல மெல்ல முற்றும் எட்டு வகை நோய்களுக்கான வைத்திய சாதனமாக அதற்கு அனுமதி கிடைத்தது. அனுமதிக்கு ஆதாரமான சோதனையில் நோயாளி சட்டகத்தோடு நடந்த தூரத்தை அளக்கவில்லை. சில வாரங்கள் அதனோடு பயின்றபின், அதைக் கழற்றிவிட்டு 2 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையே முக்கியமாக அளந்தார்கள். அங்கே காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் ஆஸ்பத்திரியில் நடக்கும் அந்தப் பயிற்சிக்காகவே. வீட்டில் அணிந்து உலவுவதற்காக அன்று.