லினக்ஸை அழித்தால் விண்டோஸ் ஏன் வரமாட்டேங்குது?



2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பமானது. அந்த லேப்டாப்பில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தன. பாஸ் லினக்ஸ் நம்ம நாட்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது.

எங்க பெரியம்மா மகள் அக்காவுக்கும் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. இடம் பத்தலைன்னு லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழிச்சுட்டாங்க. மறுபடி ஆன் பண்ணினால் கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் நிற்குது! கடையில், "எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசா போடணும்" என்றார்கள். இறந்துபோன எங்க ஆயாவோட போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கு. அக்கா அழுதுட்டாங்க.

காரணம் என்ன?

ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் 446 பைட் தொடக்க நிரல். 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. மீதி 2 பைட் அடையாளக் குறி.

லினக்ஸ் போடும்போது அந்த நிரல் இடத்தில் 'கிரப்' வந்து உட்காரும். ஆனால் அதன் மீதிப் பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனில்தான் இருக்கும்.

துறைமுக கேட்டை நினைத்துப் பாருங்கள். வாட்ச்மேன் கேட்டில் நிற்கிறார். அவருடைய ரிஜிஸ்டர் உள்ளே ஒரு ஷெட்டில் இருக்கு. ஷெட்டை இடிச்சுட்டா ரிஜிஸ்டரும் போச்சு. எந்த லாரியையும் விடமாட்டார். எண்ணூர் ரோடு வரைக்கும் லாரி நிற்கும். ஆனால் குடோன் சரக்குக்கு ஒன்றும் ஆகலை! விண்டோஸும் போட்டோவும் அந்தச் சரக்கு மாதிரிதான்.

சரிசெய்யும் முறை (விண்டோஸ் 7)

1. விண்டோஸ் 7 உள்ள பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டரைத் தொடங்க வேண்டும்.
2. 'இன்ஸ்டால்' தொடக்கூடாது. 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' தேர்வு செய்து, 'கமாண்ட் பிராம்ப்ட்' திறக்க வேண்டும்.
3. பூட்ரெக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்ட வேண்டும். அதேபோல் ஃபிக்ஸ்பூட்.
4. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட்.

ஃபிக்ஸ்எம்பிஆர் தொடக்க நிரலை மட்டும்தான் மாற்றும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. அதனால் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

எங்க பள்ளி கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டு, நானும் அக்காவும் இப்படித்தான் செய்தோம். விண்டோஸ் வந்தது. ஆயாவும் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க!

கவனிக்க: முதலில் எம்.பி.ஆரை மாற்றிவிட்டு, பிறகு லினக்ஸை அழிப்பதே சரியான வரிசை. அதற்கும் முன்னாடி முக்கியமானதை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் புதிய கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளை தேவையில்லை. அதன் செட்டப்பில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலில் வைத்தால் போதும்.

திரை கருப்பானதும் எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க. எது போச்சு, எது இருக்குன்னு முதலில் பாருங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி