சக்கவரட்டி

கேரளாவில் பாலக்காட்டின் அருகே ஆற்றங்கரையில் உள்ளது கல்பாத்தி. இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. பலாப்பழத்தை இவர்கள் 'சக்கை' என்பார்கள்.

கோடையில் பலா பழுக்கும். ஒரு பழமே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். நாலைந்து பழம் ஒன்றாகப் பழுத்தால் வீட்டார் தின்று தீருமா? மீதி அழுகிப் போகும். அதைக் காக்கும் வழிதான் சக்கவரட்டி.

செய்யும் முறை

பழுத்த சுளைகளில் கொட்டையை நீக்குங்கள். சுளைகளை வேகவைத்து மசியுங்கள். 1 கிலோ விழுதுக்கு 1 கிலோ வெல்லம் போதும். வெல்லத்தை நீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். உருளியில் இரண்டையும் சேர்த்து, கைவிடாமல் கிளறுங்கள். இடையிடையே நெய் விடுங்கள். ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்குங்கள். நன்றாக ஆறிய பின் உலர்ந்த பரணியில் வையுங்கள்.

ஏன் கெடுவதில்லை?

கிருமிகள் வளர நீர் வேண்டும். கிளறும்போது நீர் வற்றுகிறது. மிஞ்சிய நீரை வெல்லம் பிடித்து வைக்கிறது. அதனால் பல மாதம் கெடாது. ஆனால் ஈரக் கரண்டியைப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை உண்ணாதீர்கள்.

பலா இல்லாத மாதத்திலும் விருந்தாளி வரலாம். அப்போது இதில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்தால் சக்கப் பிரதமன் என்ற பாயசம் தயார். கொட்டையும் வீணில்லை. அதை வேகவைத்துக் குழம்பில் போடலாம்.

2018-இல் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. மரத்தடியில் அழுகவிட்டால் அந்தப் பெருமையால் யாருக்குப் பயன்?

எழுதிப் பாருங்கள்

1. சக்கவரட்டி ஏன் கெடுவதில்லை?
2. உங்கள் ஊரில் வீணாகும் பழம் எது? அதை எப்படிக் காக்கலாம்?