கொடி ஒன்று, மாலுமி வேறு

கேள்வி: 2019-ல் பிரிட்டனும் ஈரானும் மாறி மாறிக் கப்பல் பிடித்த தகராறில் இந்திய மாலுமிகள் ஏன் மாட்டிக்கொண்டார்கள்?

பதில்: அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. என்னை வருத்துவதும் அதுதான். ஈரானின் எண்ணெயைச் சிரியாவுக்குக் கொண்டுபோகிறது, அது ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்கு விரோதம் என்று சொல்லி, ஜூலை 4-ல் ‘கிரேஸ் 1’ கப்பலை ஜிப்ரால்டர் அருகே பிரிட்டிஷ் படையினர் பிடித்தார்கள். ஜூலை 19-ல் ஹோர்முஸ் நீரிணையில் ‘ஸ்டேனா இம்பேரோ’வை ஈரானின் புரட்சிக் காவல் படை மடக்கியது. மீன்பிடிப் படகில் மோதிவிட்டதாம்! பழிக்குப் பழி என்பது எல்லோருக்கும் புரிந்தது.

இந்த இரண்டாவது கப்பலைப் பாருங்கள். முதலாளி சுவீடன் நிறுவனம். பறந்த கொடி பிரிட்டனுடையது. 23 மாலுமிகளில் 18 பேர் இந்தியர்கள், பிரிட்டிஷ்காரர் ஒருவர்கூட இல்லை. கடல் சட்டப்படி கப்பலுக்காகப் பேசும் முதல் உரிமை கொடிக்குரிய நாட்டுக்கே. மாலுமியின் நாடு தூதரகம் வழியாக அவர்களைச் சந்திக்கலாம், விடுவிக்கச் சொல்லி வற்புறுத்தலாம். பேரத்தின் கடிவாளம் அதன் கையில் இல்லை. ‘கிரேஸ் 1’-லும் பெரும்பாலோர் இந்தியர்களே.

ஆகஸ்ட் நடுவில் ஜிப்ரால்டர் அதை விடுவித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஏழு பேரை முன்னதாக அனுப்பிய ஈரான், ‘ஸ்டேனா இம்பேரோ’வைச் செப்டம்பர் 27-ல்தான் புறப்பட விட்டது.