புது போன் வாங்கப் போறீங்களா?

வலப்பனை டவுனில் காசைக் கொடுக்கும் முன்பே *#06# அழுத்துங்கள்; 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதிவில்லாத போன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம்: கூகுள் கணக்கு. கடைக்காரத் தம்பி அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் திறந்து கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பின்னால் திரைப்பூட்டு மறந்து, போனை ரீசெட் செய்தால், அது பழைய கணக்கையே திரும்பக் கேட்கும். அப்போது கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டு. கணக்கை உங்கள் பெயரிலேயே, உங்கள் சிம் நம்பரைக் கொடுத்துத் திறந்து, பாஸ்வேர்டை வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். போனில் வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவுக்கு வாங்குகிறீர்களா? மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். கீபோர்டில் குரல் தட்டச்சுக்கு ‘தமிழ் (இலங்கை)’ தெரிவு செய்தால், பேசியே செய்தி அனுப்பலாம்.

2007 ஜனவரியில் மண்சரிவு உயிர்களைப் பறித்த மலைப்பகுதி நம் வலப்பனை. ஆகவே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119 மூன்றையும் முதலில் சேமியுங்கள். அடைமழை நாளில் கரண்ட் போகுமுன் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.